கோணமலைத் துறையில் மேலைத் தந்திகள்

துறைமுக நகரமொன்றின் இசை வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கப்பல்களிலிருந்தே தொடங்குகின்றனர். எந்த நாட்டுக் கப்பல் எந்தக் காலத்தில் எந்த வாத்தியத்தைக் கொண்டுவந்தது என்ற வரிசையே வரலாறாகிவிடுகிறது. கப்பலில் வந்த வாத்தியம் பெரும்பாலும் கப்பலிலேயே திரும்பிப் போய்விடும் என்பதும், அது கரையில் தங்க வேண்டுமாயின் அதை மீட்டவும் பழுதுபார்க்கவும் பிள்ளைகளுக்குப் பழக்கவும் ஒரு குடி வேண்டும் என்பதும் அவ்வரிசையில் மறைந்துபோகின்றன. இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள திருகோணமலை இதற்குத் தகுந்த சான்றாகும். போர்த்துக்கேயர் 1624 இல் கோட்டை கட்டிய இத்துறையை 1639 இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். இடையிடையே பிரெஞ்சுக்காரரும் பிடித்து இழந்தனர். 1795 இல் ஆங்கிலேயர் வந்து 1957 வரை தம் கடற்படையை இங்கு நிறுத்தியிருந்தனர். ஆங்கிலேயர் இருந்தது 162 ஆண்டுகள், போர்த்துக்கேயர் இருந்தது 15 ஆண்டுகளே. ஆயினும் கரையில் ஊறித் தமிழ்ப் பாட்டுக்குள்ளும் புகுந்த மேலையிசை, அந்தப் 15 ஆண்டுகளை ஆண்டவர்களின் வழிவந்தோர் வைத்திருந்த இசையே ஆகும்.

இந்த முரணை விளங்கிக்கொள்ள, உலகின் வேறொரு துறைமுகத்தில் நிகழ்ந்ததை முதலில் நோக்குவது பயன் தரும். கிரேக்க நாட்டின் பிரேயசுத் துறைமுகத்தில் வளர்ந்த ‘புசூக்கி’ என்னும் வாத்தியம், பேரிக்காய் வடிவான குடத்தையும் நீண்ட கழுத்தையும் உடையது. இரண்டிரண்டாகப் பிணைத்த உலோகத் தந்திகள் அதிலுண்டு, சிறு தகடொன்றால் அவற்றை மீட்டுவர். துருக்கிய நாட்டின் ‘சாஸ்’ என்னும் தந்தி வாத்தியம் இதன் நெருங்கிய உறவு. சாஸின் கழுத்தில் சுரத்தானங்களைக் காட்டும் கட்டுகள் நரம்பால் சுற்றப்பட்டிருப்பதால் அவற்றை மேலும் கீழும் நகர்த்தலாம். அரைச்சுரத்துக்கும் குறைவான நுண்சுர இடைவெளிகளை அதில் எழுப்ப முடிவது அதனாலேயே. புசூக்கியில் கட்டுகள் உலோகத்தாலாகி, கழுத்தில் அறையப்பட்டு அசையாமல் நிற்பவை. நுண்சுரங்கள் இழக்கப்பட்டன, ஆனால் பியானோவோடும் கிற்றாரோடும் சுரம் பிசகாமல் இசைக்கும் வசதி கிடைத்தது. பிற்காலத்தில் இந்த வாத்தியம் எங்கெங்கோ சென்றதற்கு இந்தத் தச்சு வேலையே அடிப்படை எனலாம்.

1922 இல் சின்ன ஆசியாவில் கிரேக்கப் படைகள் தோற்றதையும் 1923 இல் லோசான் உடன்படிக்கையின்படி மக்கள் பரிமாற்றம் நடந்ததையும் அடுத்து, ஏறத்தாழ 12 இலட்சம் அகதிகள் கிரேக்கத்துக்கு வந்தனர். அவர்களில் பெருந்தொகையினர் பிரேயசின் சேரிகளில் குடியேறினர். அவர்களுடைய சிமிர்னா நகரப் பாட்டு மரபும், துறைமுகத் தொழிலாளரிடையே ஏற்கெனவே இருந்த புசூக்கியும் கலந்ததில் ‘ரெம்பேத்திகோ’ எனப்படும் பாட்டு வகை உருப்பெற்றது. அதன் முதல்வராகக் கருதப்படும் மார்கோஸ் வம்வகாரிஸ், சீரோஸ் தீவின் கத்தோலிக்கச் சிறுபான்மையில் பிறந்து பிரேயசில் சுமை தூக்கிப் பிழைத்தவர். 1936 இல் ஆட்சியைக் கைப்பற்றிய மெத்தக்சாஸ் இப்பாடல்களைத் தணிக்கைக்கு உட்படுத்தினார். கற்றோர் சபை இவ்விசையை மதிக்கத் தொடங்கியதற்கு இசையமைப்பாளர் மனோஸ் ஹஜிதாக்கிஸ் 1949 இல் ஆற்றிய உரை ஒரு தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. 1950களில் மனோலிஸ் கியோத்திஸ், மூன்று சோடித் தந்திகளோடு நான்காவது சோடியொன்றைச் சேர்த்தார். அவர் கொண்ட சுருதியமைப்பில் தந்திகளுக்கிடையிலான இடைவெளி, கிற்றாரின் மெல்லிய நான்கு தந்திகளுக்கிடையே உள்ளதைப் போன்றதே. ஆகவே கிற்றாரில் பழகிய விரல் அப்படியே புசூக்கியிலும் ஓடலாயிற்று. ‘கோட்’ எனப்படும் சுரக்கூட்டுகளை, அதாவது மூன்று அல்லது நான்கு சுரங்களை ஒரே வேளையில் ஒலிக்கச் செய்யும் முறையை, அதில் வாசிப்பது எளிதாயிற்று.

அதன் பின்னர் நடந்தவை விரைவானவை. 1964 இல் வெளிவந்த ‘சோர்பா’ திரைப்படத்தின் வழி மிக்கிஸ் தியோதொராக்கிஸின் இசை உலகெங்கும் கேட்டது. 1960களின் நடுப்பகுதியில் ஜொனி மொய்னிகன் புசூக்கியை அயர்லாந்தின் நாட்டாரிசைக்குள் கொண்டுவந்தார். அங்கு அதன் குடம் தட்டையாகி, சுருதியும் மாறி, ‘ஐரிஷ் புசூக்கி’ என்ற தனி வாத்தியமே தோன்றிற்று. நீண்ட பாடல்களையும் அடிக்கடி மாறும் தாளங்களையும் வேற்றுநாட்டு வாத்தியங்களையும் விரும்பிக் கையாளும் ரொக் இசைப் பிரிவாகிய ‘புரோகிரசிவ் ரொக்’ இதனை எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. கனடாவின் ரஷ் குழுவினர் 2007 இல் வெளியிட்ட இசைத்தொகுப்பில் அலெக்ஸ் லைஃப்சன் கிற்றாரோடு புசூக்கியும் மண்டலினும் வாசித்துள்ளார். சுரக்கூட்டுகளின் மேல் அவ்வப்போது கற்பனை செய்து வாசிக்கும் ஜாஸ் இசைக்கும், அசையாக் கட்டுகளும் நான்காம் சோடியும் பெற்ற புசூக்கி ஒத்துப்போயிற்று.

புசூக்கி திருகோணமலையில் குடிகொண்ட வாத்தியமன்று. எனினும் பிரேயசில் நிகழ்ந்ததைப் போன்ற ஒன்று, வேறு தந்திகளோடும் வேறு மக்களோடும், இத்துறையிலும் நிகழ்ந்தது. அதன் விளைவுகள் ஏன் வேறாயின என்பதே ஆராயத்தக்கது.

தந்தி வாத்தியம் என்றவுடன் திருகோணமலைத் தமிழரின் நினைவில் எழுவது கிற்றாரன்று. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தரின் பதிகம் பெற்ற கோணேசர் கோயில் நிற்கும் பாறையில் ‘இராவணன் வெட்டு’ எனப்படும் பிளவு உண்டு. தன் நரம்பையே தந்தியாக்கி வீணை செய்து சிவனைப் பாடியவன் என்று புராணம் கூறும் அந்த இராவணனின் கதை, இவ்வூரில் நிலக்காட்சியோடு இணைந்தே வழங்குகிறது. பழந்தமிழ் யாழைப் பற்றி இருபதாம் நூற்றாண்டில் எழுந்த மிகப் பெரிய ஆராய்ச்சியாகிய ‘யாழ் நூல்’ என்பதை 1947 இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேற்றிய விபுலானந்த அடிகள், மட்டக்களப்புப் பகுதியின் காரைதீவிற் பிறந்தவர், இராமகிருஷ்ண சங்கத்தின் பொறுப்பில் இருந்த திருகோணமலை இந்துக் கல்லூரியிலும் தொண்டாற்றியவர். யாழ் என்பது கட்டுகளற்ற வாத்தியம். ஒரு நரம்புக்கு ஒரு சுரமே உரியது. தஞ்சாவூர் வீணையிலோ 24 கட்டுகள் மெழுகில் பதித்து அசையாமல் நிறுத்தப்பட்டுள்ளன. அசையாக் கட்டுகள் இருந்தாலே சுரக்கூட்டு இசை தோன்றிவிடும் என்று கருதுவதற்கில்லை என்பதற்கு வீணையே சான்று: வீணைக்காரர் கட்டின் மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகத்தை எழுப்புகிறார், கட்டு அவருக்குத் தொடக்கப் புள்ளி மட்டுமே. கருவியின் அமைப்பு ஒரு வழியைத் திறந்துவிடுகிறது. அவ்வழியில் நடப்பதோ மக்களின் பழக்கம்.

அப்பழக்கத்தைத் திருகோணமலையில் வைத்திருந்தோர் பறங்கியர். இலங்கையில் ஐரோப்பியத் தந்தைவழியும் உள்ளூர்த் தாய்வழியும் கலந்து தோன்றிய சமூகத்தினருக்குத் தமிழில் பொதுவாக வழங்கும் பெயர் இது. அவர்களுள் கொழும்பு சார்ந்த ஒல்லாந்தப் பறங்கியர் ஆங்கிலக் கல்வி கற்று, அரசாங்க எழுத்தர்களாகவும் வழக்கறிஞர்களாகவும் மருத்துவர்களாகவும் உயர்ந்தனர். கிழக்குக் கரையில் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வாழும் போர்த்துக்கேயப் பறங்கியரின் நிலை வேறு. 1658 இல் போர்த்துக்கேயர் தீவிலிருந்து முற்றாக வெளியேற்றப்பட்ட பின்னும் தங்கிவிட்டோரின் வழிவந்த இவர்கள், கத்தோலிக்க சமயத்தைப் பேணியவாறு தச்சு, கொல்லு, தகர வேலை, செருப்புத் தைத்தல் முதலிய கைத்தொழில்களால் வாழ்ந்தனர். மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 1982 இல் எழுதிய ஆய்வொன்றின் தலைப்பிலேயே இவர்களை ‘போர்த்துக்கேய மெக்கானிக்குகள்’ என்று குறிக்கிறார். ஆங்கிலேயர் காலத்தில் அச்சொல் கைவினைஞர் யாவரையும் குறித்ததோடு, கொழும்புப் பறங்கியர் இவர்களைத் தாழ்வாகப் பார்த்த பார்வையையும் ஏந்தியிருந்தது. வீட்டில் இவர்கள் பேசியது போர்த்துக்கேயச் சொற்களும் தமிழ் இலக்கணப் போக்கும் கலந்த கலப்புமொழி. வீதியில் பேசியது தமிழ். ஒல்லாந்தர் ஆட்சியிலும் இக்கலப்புமொழியே பல இனத்தாருக்கும் இடையிலான பொதுமொழியாக இருந்தது என்பது, ஆட்சி போனாலும் மொழி போகாத விந்தைகளுள் ஒன்று.

தச்சர்களும் கொல்லர்களும் என்ற செய்தி இசை வரலாற்றுக்குப் புறம்பானதாகத் தோன்றலாம். உண்மையில் அதுவே இங்குத் திறவுகோல். கடற்காற்று உருக்குத் தந்தியைத் துருப்பிடிக்கச் செய்யும். வெயிலும் மாரியும் மாறி மாறி வரும் கரையில், பசையால் ஒட்டிய மெல்லிய பலகை வெடிக்கும், கழுத்து வளையும். வயலினோ கிற்றாரோ இத்தகைய ஊரில் ஒரு தலைமுறைக்கு மேல் நிலைப்பதாயின், ஒட்டு விட்ட பலகையை ஒட்டவும் தேய்ந்த முளையைச் செதுக்கவும் தெரிந்த கை அருகில் இருக்க வேண்டும். வாத்தியம் வாசிப்போரும் மரம் இழைப்போரும் ஒரே குடியில், சில வேளை ஒரே ஆளாகவும், இருந்த சமூகத்தில் மேலை வாத்தியங்கள் மூன்று நூற்றாண்டுகள் தங்கியமை தற்செயலாகாது.

இச்சமூகத்தின் இசைக்குக் ‘கஃப்ரிஞ்ஞா’ என்று பெயர். போர்த்துக்கேயரும் பின்னர் ஒல்லாந்தரும் படைவீரராகவும் அடிமைகளாகவும் கொண்டுவந்த கிழக்காபிரிக்க மக்களைத் தமிழர் காப்பிரிகள் என்றனர். அவர்களுடைய ஆட்டத்தின் சாயலும் போர்த்துக்கேயப் பாட்டின் சாயலும் கலந்தமையால் அப்பெயர் அமைந்தது என்பர். ஆங்கிலேயரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தம் இலங்கைப் படைப்பிரிவுகளில் ஆபிரிக்கரைச் சேர்த்தனர். அப்படைகள் அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் கலைக்கப்பட்டபோது, புத்தளத்தை அடுத்த சிரம்பியடியிற் போலவே திருகோணமலையிலும் சில குடும்பங்கள் நிலைத்துவிட்டன. நகருக்கு அண்மையிலுள்ள பாலையூற்றுப் பகுதியில் பறங்கியரும் காப்பிரி வழிவந்தோரும் ஒரே கோயிலுக்குச் செல்லும் அயலவராக வாழ்ந்து, மணவுறவும் கொண்டனர்.

கஃப்ரிஞ்ஞாவின் முதன்மைக் களம் திருமண வீடு. மாப்பிள்ளையும் பெண்ணும் முதலில் ஆட, அவர்களைத் தொடர்ந்து சோடி சோடியாக உறவினர் சேர்ந்துகொள்ளும் அவ்வாட்டத்துக்கு, வயலினும் கிற்றாரும் றபானும், சில இடங்களில் மண்டலினும் துணை நிற்கும். றபான் என்பது மலாய் நாட்டுத் தொடர்புடைய, ஒருபக்கம் தோல் போர்த்த வட்டமான கைமேளம். கிழக்குக் கரை முஸ்லிம்களிடத்தும் இது உண்டு. வயலின் மெட்டை வாசிக்க, கிற்றார் அதற்குத் தரையிடும். தாளம் ஒரு சுற்றுக்கு ஆறு அடிகள் கொண்டது. கர்நாடக இசையில் திஸ்ர நடை அறிந்தோர்க்கு இதன் ஓட்டம் புதிதன்று. புதிதாய் இருப்பது அந்த ஆறை இரு விதமாகப் பிரித்து ஒரே வேளையில் வாசிப்பதுதான். கிற்றார்க்காரரின் பெருவிரல் தடித்த தந்தியில் ஒரு முறை இறங்க, அடுத்த இரு அடிகளில் மற்ற விரல்கள் மெல்லிய தந்திகளை இலேசாக உரசிச் செல்கின்றன. மறுபடியும் பெருவிரல், மறுபடியும் இரு உரசல். இவ்வாறு அவர் கையில் ஆறு என்பது மூன்றும் மூன்றுமாகிறது. அதே ஆறைப் பாடுவோரின் மெட்டு இரண்டும் இரண்டும் இரண்டுமாகப் பிரித்து இழுக்கும்போது, தாளம் கால்களுக்கிடையே வழுக்குவது போன்ற ஓர் உணர்வு தோன்றுகிறது. ஆடுவோரின் இடுப்பு அசைவு அந்த வழுக்கலை ஒட்டியே அமைகிறது.

பாட்டின் சொற்கள் பெரும்பாலும் நாலடிக் கண்ணிகள். காதலும் கேலியும் அவற்றின் பொருள். ஒருவர் பாடிய கண்ணிக்கு மற்றவர் அதே மெட்டில் எதிர்க்கண்ணி கட்டிப் பாடும் போட்டி முறையும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கைக் குடிசார் சேவையில் இருந்த ஹியூ நெவில், சிங்கள, தமிழ் ஏடுகளைத் திரட்டியதோடு மட்டக்களப்புப் பறங்கியரின் பாட்டுகளையும் காப்பிரிகளின் பாட்டுகளையும் எழுத்தில் பெற்றுவைத்தார். அவருடைய திரட்டு இலண்டனுக்குச் சென்றது. அதிலுள்ள இந்தக் கண்ணிகளை கே. டேவிட் ஜாக்சன் ஆராய்ந்து 1990 இல் நூலாக வெளியிட்டார். ஏடு தேடிய அரச அலுவலர் ஒருவர் அருகிலிருந்த தச்சரின் பாட்டையும் பொருட்படுத்தினார் என்பது அக்கால வழக்கில் அரிதானது. ஆயினும் அவர் எழுதிவைத்தது சொல்லை மட்டுமே, கிற்றார் எவ்வாறு ஒலித்தது என்பதை அத்தாள்கள் கூறுவதில்லை.

ஆங்கிலேயரின் 162 ஆண்டுகள் இதற்கு நேர்மாறானவை. கிழக்கிந்தியக் கடற்படைத் தளத்தின் தலைமையிடமாக விளங்கிய திருகோணமலையில், கப்பல்களின் பாண்டு வாத்தியங்களும் அதிகாரிகள் மன்றங்களின் நடன இசையும் ஒலித்தன. 1942 ஏப்பிரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடாவையும் தாக்கிய பின்பும், 1944 இல் கீழைக் கப்பற்படை மீண்டும் திரண்டபோதும், ஆயிரக்கணக்கான மாலுமிகளின் பொழுதுபோக்குக்காகப் பெருமளவில் மேலையிசை இங்கு வந்திறங்கிற்று. ஆனால் அவ்விசை வேலிக்குள் நிகழ்ந்தது. வாசித்தவர்கள் ஓரிரு ஆண்டுகளில் இடம் மாறும் படையாட்கள். அவர்களிடம் பழகிக்கொள்ள ஊராருக்கு வழி குறைவு. உள்ளூரார் தளத்துக்குள் சென்றது கப்பல் திருத்தவும் சுமை இறக்கவும்தான். அங்குப் பணியாற்றிய பறங்கித் தச்சர்களும் கொல்லர்களும் நடன இசையின் சில மெட்டுகளைக் காதில் ஏந்தி வீட்டுக்குக் கொண்டுவந்திருத்தல் இயல்பு. மட்டக்களப்புத் திருமணங்களில் கஃப்ரிஞ்ஞாவோடு ‘லான்சர்ஸ்’ என்னும் ஐரோப்பிய நடனமும் ஆடப்படுவது, மேலையிசையை இச்சமூகம் ஒரு முறையல்ல, பல முறை வாங்கிக்கொண்டது என்பதைக் காட்டுகிறது. 1957 இல் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டபோது பாண்டு வாத்தியங்கள் கப்பலேறின.

இன்னொரு வரவும் இவ்விடத்திற் குறிக்கத்தக்கது. 1893 இல் நிறுவப்பட்ட திருகோணமலை மறைமாவட்டத்தை முதலிற் பேணிய பிரெஞ்சு யேசு சபைத் துறவிகளையடுத்து, இரண்டாம் உலகப் போரை ஒட்டி அச்சபையின் அமெரிக்கப் பிரிவாகிய நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்துத் துறவிகள் வந்தனர். ஜாஸ் பிறந்த நகரின் பெயரைத் தாங்கிய மாகாணத்தார் இவ்வூர்ப் பாடசாலைகளுக்கு வந்துசேர்ந்தமை ஓர் இசை வரலாற்றாசிரியருக்கு இனிய எதிர்பார்ப்பைத் தரும். ஆனால் கிழக்கிலங்கை அவர்களை நன்றியோடு நினைவுகூர்வது கூடைப்பந்தாட்டத்துக்காகவே.

கஃப்ரிஞ்ஞா கிழக்குக் கரைக்கு மட்டும் உரியதன்று. மேற்குக் கரையிலும் தென்கரையிலும் அது வழங்கிற்று. 1940களில் பொலிஸ் சேவையில் இருந்த வொலி பஸ்தியன்ஸ் அதன் ஆறடித் தாளத்தைச் சிங்களச் சொற்களோடும் கிற்றாரோடும் இணைத்து, குழுவாகச் சேர்ந்து பாடும் ‘பைலா’ வகையைப் பரப்பினார். 1966 இல் கிளாரன்ஸ் விஜேவர்தனவின் மூன்ஸ்டோன்ஸ் குழு மின்கிற்றாரைச் சிங்கள மெல்லிசைக்குள் கொண்டுவந்தது. இலங்கை வானொலி இவ்விரண்டையும் தீவின் எல்லா மூலைகளுக்கும் எடுத்துச் சென்றது. தமிழில் ‘பொப்பிசை’ எனப்பட்ட புதிய வகை பிறந்தது இச்சூழலிலேயே: பேச்சுத் தமிழில் அமைந்த எளிய பாடல், கிற்றார்க் கோட், பைலாவின் அல்லது மேலை நடனங்களின் தாளம். நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ யாழ்ப்பாணப் பேச்சையும் நகைச்சுவையையும் மேடையேற்றியது. ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ சிங்களமும் தமிழும் கலந்து பாடப்பட்டு, 1977 இல் இளையராஜா இசையமைத்த ‘அவர் எனக்கே சொந்தம்’ திரைப்படத்தின் வழி தமிழ்நாட்டிலும் பரவிற்று. போர்த்துக்கேயர் வழித் தாளமொன்று பாக்குநீரிணையைக் கடந்து கோடம்பாக்கத்தை அடைந்த பாதை அது. சென்னையில் அப்பாடலைப் பாடியோர் பலருக்கு அது யாருடைய திருமண வீட்டிலிருந்து புறப்பட்ட நடை என்று தெரிந்திருக்க நியாயமில்லை.

பொப்பிசையின் முன்னோடிகளுள் திருகோணமலையின் பங்கு பரமேஷ், கோணேஷ் சகோதரர்களுடையது. ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசையின் தொடக்க கால இசைத்தட்டுகளுள் இவர்களுடையவை குறிப்பிடத்தக்கவை. ‘உனக்குத் தெரியுமா’ என்னும் பாடல் வானொலி நேயர் தலைமுறையொன்றின் நினைவில் நிலைத்தது. கோணேசர் வீற்றிருக்கும் ஊரில் அவர் பெயரையொத்த பெயருடைய ஒருவர் கிற்றாருக்கு அறியப்பட்டவரானார் என்பது, வீணையும் இராவணனும் மட்டுமே இவ்வூரின் தந்தி மரபு என்போர் எண்ணிப் பார்க்க வேண்டியது. இச்சகோதரர்களின் பாடல்கள் பைலாத் துள்ளலைக் காட்டிலும் மெல்லிய காதற்பாட்டின் பக்கம் சாய்ந்தவை. கிற்றார் அவற்றில் தாளக் கருவியாக நில்லாமல், பாட்டின் இடைவெளிகளில் தனியே பேசும் குரலாக ஒலிக்கிறது.

கோட் இசை தமிழ்ப் பாட்டில் செய்த மாற்றத்தைச் சற்று நுணுகி நோக்கலாம். சட்சம், மத்திமம், பஞ்சமம் ஆகிய மூன்று சுரங்களை அடியாகக் கொண்ட மூன்று கோட்களே பெரும்பாலான பைலாப் பாடல்களுக்குப் போதும். மெட்டு எங்கு நின்றாலும் அந்நிலைக்கு ஏற்ற கோட் மாறிக்கொண்டே வரும். மாறாத ஆதார சுருதியின் மேல் ராகம் வளரும் மரபில் பழகிய செவிக்கு, இங்கே தரையே நகர்கிறது. அத்தரை நகர்வதனால் மெட்டு எளிதாக இருந்தும் சலிப்பதில்லை. ஆனால் கமகத்துக்கு இடமும் சுருங்குகிறது, ஏனெனில் பல தந்திகளில் ஒரே வேளையில் ஒலிக்கும் சுரங்களுக்கு நடுவே ஒரு சுரத்தை அசைத்தால் அது பிசகாகக் கேட்கும். பொப்பிசைப் பாடகர்கள் சொற்களைத் தட்டையாக, பேசுவது போலவே பாடியமைக்குத் திறமைக் குறைவைக் காரணம் காட்டிய பண்டிதர் கூற்று நியாயமானதன்று. இசையின் கட்டுமானம் வேண்டியது அதுவே.

இதே சிக்கலைச் சென்னையில் வேறொருவர் வேறு விதமாகத் தீர்த்தார். ஆந்திரத்தின் பாலக்கொல்லில் 1969 இல் பிறந்த உ. ஸ்ரீநிவாஸ், இரண்டிரண்டாகப் பிணைத்த தந்திகளால் கமகம் கூடாது என்பதால் மண்டலினை ஐந்து ஒற்றைத் தந்திகளாக்கி, மின்னொலி பெருக்கியோடு இணைத்துக் கர்நாடக இசைக்கு உரியதாக்கினார். பின்னர் ஜாஸ் கிற்றார்க் கலைஞர் ஜோன் மெக்லாக்லினின் ‘ரிமெம்பர் சக்தி’ குழுவிலும் வாசித்தார். கியோத்திஸ் தந்தியைக் கூட்டிப் புசூக்கியைக் கிற்றாருக்கு அருகில் கொண்டுசென்றார். ஸ்ரீநிவாஸ் தந்தியைக் குறைத்து மண்டலினை வீணைக்கு அருகில் கொண்டுவந்தார். இருவரும் ஜாஸோடு உரையாடும் இடத்தை எதிர்த் திசைகளிலிருந்து அடைந்தனர் என்பது குறிக்கத்தக்கது.

திருகோணமலையின் தந்திகளுக்கு அத்தகைய வாய்ப்பு ஏன் கிட்டவில்லை என்ற வினாவுக்கு விடை இசைக்குள் இல்லை. பிரேயசிலிருந்து ஏதென்சின் ஒலிப்பதிவுக் கூடத்துக்குச் செல்வது ஓர் ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குச் செல்வது போன்றது. திருகோணமலையிலிருந்து கொழும்போ 250 கிலோமீற்றருக்கும் அப்பால் இருந்தது. புசூக்கியைப் பழித்த கிரேக்கரும் அதன் பாடல்கள் ஒலித்த மொழியிலேயே பழித்தனர். ஆகவே அது பின்னர் தேசிய வாத்தியமாகத் தடையிருக்கவில்லை. கஃப்ரிஞ்ஞாவோ போர்த்துக்கேயக் கலப்புமொழியில் பாடப்பட்டது. அது தமிழரிடமும் சிங்களவரிடமும் செல்வதற்குத் தன் சொற்களைக் கழற்றிவிட்டுத் தாளத்தோடு மட்டும் செல்ல வேண்டியிருந்தது. பைலா நாடெங்கும் பரவியபோதும் அதன் புகழில் பாலையூற்றின் தச்சருக்குப் பங்கு கிடைக்காமற் போனது இதனாலேயே. இவற்றுக்கு மேல் 1983 இல் மூண்ட போர் வந்தது. ஊரடங்குச் சட்டத்தின் கீழ் இரவு மேடைகள் ஒழிந்தன, கலைஞர்கள் புலம்பெயர்ந்தனர், பறங்கியர் பலர் ஆஸ்திரேலியாவுக்குச் சென்றனர். 2004 டிசம்பர் 26 ஆம் நாளின் ஆழிப்பேரலை மட்டக்களப்பின் டச்பார்ப் பகுதியில் வாழ்ந்த பறங்கியரிடையே பெரும் உயிரிழப்பை ஏற்படுத்தியது.

போர் ஓய்ந்த பின் இச்சமூகத்தின் மொழியையும் இசையையும் பதிவுசெய்யும் முயற்சி வெளியிலிருந்து வந்தது. லிஸ்பன் பல்கலைக்கழக மொழியியலாளர் ஹியூகோ கார்டோசோ தலைமையில் 2015 அளவில் தொடங்கிய ஆவணப்படுத்தல் பணி, மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் கலப்புமொழி பேசுவோரின் உரையாடல்களோடு பாடல்களையும் ஒலி, ஒளி வடிவில் திரட்டி, அருகிவரும் மொழிகளுக்கான மின்னணுக் காப்பகத்தில் சேர்த்துள்ளது. நெவிலின் தாள்கள் சொல்லாத கிற்றாரின் ஒலி இப்பதிவுகளில் கேட்கிறது. அவற்றில் பாடுவோர் தம்முள் கலப்புமொழியிற் பேசி, பக்கத்து வீட்டாரைத் தமிழில் அழைத்து, கோயிலில் தமிழிலேயே செபிக்கும் மக்கள். அவர்களுடைய பிள்ளைகள் பலருக்குக் கஃப்ரிஞ்ஞாவின் சொற்கள் மனப்பாடமாக வருகின்றன, பொருள் பெரியவர்களைக் கேட்டே தெரியவருகிறது. திருமண வீட்டில் கீபோட்டும் ஒலிபெருக்கியும் இடம் பிடித்துள்ள இந்நாளிலும், முதலாட்டம் மட்டும் பழைய ஆறடியிலேயே தொடங்க வேண்டும் என்று பெரியவர்கள் கேட்கின்றனர்.